உடம்புக்குள் உலோகம் வைக்கும் முன்: ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"கவரிங் கம்மல் போட்டாலே காது புண்ணாயிடுது தம்பி. முட்டிக்குள்ள இவ்ளோ பெரிய இரும்பை வச்சா என்ன ஆகும்?" முட்டி மாற்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வரும் அக்காமார்கள் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தப்பே இல்லை. பால் மரம் வெட்டியும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியும் தேய்ந்த முட்டிகள் ஒரு பக்கம். மோட்டாரில் வேலைக்குப் போய் விழுந்து, காலில் பிளேட் வைத்துக்கொண்ட பிள்ளைகள் இன்னொரு பக்கம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்த மாமாக்கள் வேறு.

சுருக்கமான பதில் இதுதான். தோலில் நிக்கல் அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோர், உள்ளே வைத்த உலோகத்தோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். சிலருக்கு மட்டும் தொந்தரவு வருகிறது. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்று முன்கூட்டியே அடித்துச் சொல்லும் சோதனை இன்றுவரை இல்லை. அதனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசைதான் முக்கியம். ஆபரேஷனுக்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். பின்னால் ஏதாவது வந்தால், அலர்ஜி என்று முடிவு கட்டுவதற்கு முன் கிருமித் தொற்றைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு அவதிப்படுபவர்கள்தான் அதிகம்.

முதல் படி: தோலின் வரலாற்றை ஒரு தாளில் எழுதுங்கள்

உலோக அலர்ஜி, இறால் சாப்பிட்டதும் உதடு வீங்குகிற வகை அல்ல. இது தாமதமாக வரும். வியர்வையில் கரையும் உலோக அயனிகள் தோலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி-செல்கள் அதை வேண்டாத பொருளாக ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே உலோகம் பட்டால், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அந்த இடம் அரிக்கும், சிவக்கும், நீர்க் கொப்புளம் கட்டும். தொடர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால் தோல் தடித்துக் கருத்துவிடும். ஒருமுறை வந்த ஞாபகம் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது.

எழுத வேண்டியது: எந்தப் பொருள், உடம்பில் எந்த இடம், எத்தனை நாளில் வந்தது, எடுத்த பிறகு போனதா. காது மடல், கழுத்து, கடிகாரத்தின் பின்பக்கம் படும் மணிக்கட்டு, மெட்டி போடும் விரல், உள்ளாடைக் கொக்கி படும் முதுகு என்று ஒவ்வொன்றாக யோசியுங்கள். தொப்புளுக்குக் கீழே காசு அளவில் ஒரு கருப்புத் தழும்பு இருந்தால் ஜீன்ஸ் பட்டனையோ பெல்ட் கொக்கியையோ சந்தேகப்படுங்கள். தோல் டாக்டர்கள் முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

நகை விஷயத்தில் ஒரு நல்ல தடயம் உண்டு. 916 தங்கத்தில் தங்கம் போக மிச்சம் இருப்பது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான். அந்தக் கம்மல் போட்டால் ஒன்றும் இல்லை, கவரிங் போட்டால் மட்டும் புண்ணாகிறது என்றால் நிக்கல் என்று சந்தேகிக்கலாம். வெள்ளைத் தங்கத்தில் சில சமயம் நிக்கல் கலந்திருக்கும். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அப்படியென்றால் தினமும் எவர்சில்வர் பாத்திரம் தேய்க்கிறேனே, கைக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்கலாம். எவர்சில்வரிலும் நிக்கல் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள குரோமியம் மேலே ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலத்தைப் போட்டு நிக்கலைக் கசியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உலோகத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு கசிகிறது என்பதுதான் கணக்கு. ஐரோப்பாவில் 1994இல் வந்த நிக்கல் சட்டமும் கசிவைத்தான் அளக்கிறது: தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த படி எளிதாகப் புரியும்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். சிமெண்ட் வேலை பார்த்துக் கை வெடித்தால் அது குரோமியம் அலர்ஜியாக இருக்கலாம். பதனிட்ட தோல் செருப்பால் வரும் புண்ணுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை போட்டு வரும் அரிப்பு வேறு. அது ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனத்தால் வருவது, உலோகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தோட்ட வேலை பார்த்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் பிரித்து எழுதுவது நல்லது.

நிக்கல் அலர்ஜி பெண்களிடம் அதிகம். காது குத்துவது அதற்கு முக்கியக் காரணம். இதில் வேடிக்கையான ஒரு விஷயம்: காது குத்துவதற்கு முன்பே பல்லில் கம்பி கட்டியவர்களுக்குப் பின்னாளில் நிக்கல் அலர்ஜி குறைவாக வருகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் மொட்டை அடிக்கும்போதே காதும் குத்தியாகிவிடும், அதனால் இந்தச் சலுகை நமக்குக் கிடையாது. குழந்தைக்கு முதல் கம்மல் நல்ல தங்கத்தில் போடுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: உள்ளே வைக்கப்போவது எந்த உலோகம் என்று கேளுங்கள்

"இரும்பு" என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், ஒவ்வொரு உறுப்புக்கும் வேறு வேறு கலவை.

எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 316எல் எனப்படும் மருத்துவ ஸ்டீல். அதில் சுமார் 10 முதல் 15 சதவீதம் நிக்கல். இன்னொன்று டைட்டானியம் கலவை. டைட்டானியத்தோடு 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவை பரவலாகப் பயன்படுகிறது. அதில் நிக்கல் சேர்ப்பதில்லை. இருந்தாலும் அசுத்தமாக ஒட்டிய மிகச் சிறு அளவுதான்.

முட்டி மாற்றில் தொடை எலும்பின் நுனியில் மாட்டும் பளபளப்பான பகுதி வழக்கமாகக் கோபால்ட்–குரோமியம்–மாலிப்டினம் கலவை. குரோமியம் மட்டும் 27 முதல் 30 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி கோபால்ட். நிக்கல் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கீழ்த் தட்டு டைட்டானியமாகவோ கோபால்ட்–குரோமியமாகவோ இருக்கும். நடுவில் இருப்பது பிளாஸ்டிக். எலும்போடு ஒட்ட வைக்கும் எலும்பு சிமெண்டையும் கணக்கில் சேருங்கள். அதில் உள்ள அக்ரிலிக், பென்சாயில் பெராக்ஸைடு, சில வகைகளில் கலந்திருக்கும் ஜென்டாமைசின் மருந்து ஆகியவற்றுக்கும் அலர்ஜி வரலாம். உலோகத்தை மட்டும் சந்தேகப்பட்டுச் சிமெண்டை மறந்துவிடுவது உண்டு.

இடுப்பு மூட்டில் தண்டு பெரும்பாலும் டைட்டானியம், பந்து செராமிக்காகவோ கோபால்ட்–குரோமியமாகவோ இருக்கும். உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் உரசும் பழைய வகையைப் பற்றிப் பயமுறுத்தும் செய்திகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வகையில் ஒரு தயாரிப்பு 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அது முக்கியமாக உரசித் தேய்ந்த உலோகத் துகள்களின் பிரச்சினை. கவரிங் கம்மல் அலர்ஜியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதய ஸ்டென்ட்களில் ஸ்டீல் உண்டு, கோபால்ட்–குரோமியம் உண்டு. "கோபால்ட்–குரோமியம்" என்று பெயர் இருந்தாலும் ஸ்டென்ட்டுக்குப் பயன்படும் கலவைகளில் நிக்கல் கணிசமாக இருக்கும். ஒரு வகையில் சுமார் 10 சதவீதம், இன்னொன்றில் சுமார் 35 சதவீதம். இதயத்தில் உள்ள ஓட்டையை அடைக்கும் குடை போன்ற சாதனங்கள் பலவும் நிட்டினால் என்ற கலவையால் ஆனவை. அதில் எடையில் பாதிக்கும் மேல், சுமார் 55 சதவீதம், நிக்கல்தான். வைத்த முதல் சில வாரங்களில் ரத்தத்தில் நிக்கல் கொஞ்சம் ஏறி, மேலே திசு மூடியதும் இறங்கிவிடும். பேஸ்மேக்கரின் வெளிக்கூடு டைட்டானியம்.

பல் விஷயம்: மலிவான பல் உறைகள் சில நிக்கல்–குரோமியத்தால் ஆனவை, கம்பி கட்டும் ஒயர்களிலும் நிக்கல் உண்டு. பல் டாக்டரிடம் சொன்னால் செராமிக் உறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள்

"அலர்ஜி இருக்கா?" என்று நர்ஸ் கேட்டால் நம்மவர்கள் மருந்தை மட்டும் நினைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். கம்மல் சமாச்சாரம் ஆஸ்பத்திரிக்குத் தேவையா என்று கூச்சம். தேவை. கவுண்டரில் மலாயில் கேட்டால், "சாயா அடா அலாஹான் நிக்கல்" (எனக்கு நிக்கல் அலர்ஜி உண்டு) என்ற ஒரு வரி போதும். அதோடு நீங்கள் எழுதிய தாளையும் நீட்டுங்கள். உங்கள் கோப்பில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எலும்பு டாக்டரிடம் ஒருமுறை, மயக்க மருந்து டாக்டரிடம் ஒருமுறை, ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டில் ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிளாஸ்டர் டேப், அயோடின் மருந்து, லேடக்ஸ் கையுறை ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பேட்ச் சோதனை யாருக்கு வேண்டும்

பேட்ச் சோதனை என்பது சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி அலர்ஜி வருகிறதா என்று பார்ப்பது. எல்லாருக்கும் வேண்டாம். கம்மலோ கடிகாரமோ ஒருபோதும் தொந்தரவு தராதவர்கள், சும்மா பார்த்துவைப்போம் என்று போவதில் பலன் இல்லை. நகையால் தெளிவாகப் புண் வந்தவர்கள், முன்பு வைத்த பிளேட்டால் தொந்தரவு பட்டவர்கள், முட்டி, இடுப்பு போல் நிரந்தரமாக ஒன்றை வைக்கப்போகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

ஊரில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்கில்) காட்டி, தோல் பிரிவுக்குச் சூரத் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்குங்கள். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி என்பதுதான் பழகிய கட்டணம், ஐசியை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள். நம் பக்கத்துக்குத் தோல் பிரிவு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி. தேதி கிடைக்க நாளாகும். ஆகவே ஆபரேஷன் தேதி நெருங்கிய பிறகு ஓடாமல், ஆபரேஷன் என்று பேச்சு எடுத்தவுடனேயே கேளுங்கள்.

சோதனை நடக்கும் விதம் இது. திங்கட்கிழமை முதுகில் சிறு சிறு கிண்ணங்களில் மருந்து வைத்து டேப்பால் ஒட்டுவார்கள். உலோக வரிசையில் நிக்கல் சல்பேட், கோபால்ட் குளோரைடு, பொட்டாசியம் டைக்குரோமேட் மூன்றும் முக்கியம். எலும்பு சிமெண்டில் உள்ள பொருட்களையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். 48 மணி நேரம் கழித்து, அதாவது புதன்கிழமை, டேப்பை எடுத்து முதல் முறை பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை வாக்கில் இரண்டாம் முறை. உலோகங்களில் சில ஒரு வாரம் கழித்துத்தான் தலை காட்டும் என்பதால், அடுத்த திங்களும் பார்த்தால் நல்லது. கிட்டத்தட்ட வாரம் முழுக்க அலைச்சல். குலை வெட்டுபவராக இருந்தால் அந்த வாரம் வேலைக்குப் போக முடியாது. வியர்வையில் டேப் கழன்றுவிடும். எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள்.

அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் ஊற்றக்கூடாது, இடுப்புக்குக் கீழே மட்டும் கழுவிக்கொள்ளலாம். முதுகில் எண்ணெய், களிம்பு, மினியாக் ஆங்கின் போன்ற தைலம் எதுவும் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையும் முதுகில் பூசிய ஸ்டீராய்டு களிம்பும் சோதனையை மழுங்கடிக்கும். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஆனால் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோதான் தெரியும். அதனால் டாக்டர் விரலால் தடவி மேடு தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் "ஒருதரம் தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடிவை எப்படி எடுத்துக்கொள்வது? நிக்கலுக்குப் பாசிடிவ் என்றால் தோலில் அலர்ஜி இருப்பது உறுதி. உள்ளே வைத்தது தோற்றுவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. டைட்டானியத்துக்கு நம்பகமான பேட்ச் சோதனை இல்லை. அதனால் அதில் நெகடிவ் வந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. டைட்டானியம் அலர்ஜி மிக அரிது என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் படி: உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது, அவசரம் என்றால் தேர்ந்தெடுக்காமல் இருப்பது

நேரம் இருந்தால் டாக்டரிடம் மாற்று கேளுங்கள். பிளேட்டுக்கு ஸ்டீலுக்குப் பதில் டைட்டானியம். முட்டி மாற்றுக்கு, மேற்பரப்பில் ஆக்ஸைடு படலம் ஏற்றிய சிர்கோனியம், டைட்டானியம் நைட்ரைடு பூச்சு கொண்டவை என்று சில உண்டு. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாம் இருக்காது, விலையும் கூடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் மலிவு என்றாலும், உள்ளே வைக்கும் பொருளுக்கு நாமே பணம் கட்டச் சொல்வது வழக்கம். முடியாதவர்கள் ஆஸ்பத்திரியிலேயே உள்ள மருத்துவ சமூக நலப் பிரிவில் உதவி கேட்கலாம். வேலையில் நடந்த விபத்துக்கும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இருக்கிறது. அதற்கு எம்சி கையில் இருக்க வேண்டும், சாலை விபத்து என்றால் போலீஸ் ரிப்போர்ட்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலியில் கொண்டுபோனவருக்கு ஸ்டென்ட் வைக்கும் நேரத்தில் நிக்கல் அலர்ஜியைக் காட்டித் தடுக்காதீர்கள். சொல்லுங்கள், ஆனால் தடுக்காதீர்கள். நள்ளிரவில் எலும்பு வெளியே தெரியக் கால் ஒடிந்து வந்தவருக்கும் அதேதான். இருக்கிற பிளேட்டை வைத்து எலும்பு கூடட்டும். பிளேட்டைப் பிறகு எடுக்கலாம், நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது. முட்டி மாற்றில் இந்த வசதி இல்லை என்பதால்தான் அதற்கு முன்கூட்டியே இவ்வளவு யோசிக்கச் சொல்கிறேன்.

ஆறாம் படி: ஆபரேஷனுக்குப் பிறகு எதைக் கவனிப்பது

முட்டி மாற்றிய முதல் சில வாரங்கள் வீக்கம், சூடு, வலி எல்லாம் இருக்கும். முட்டி மாதக்கணக்கில் கொஞ்சம் கதகதப்பாக இருப்பதும் சகஜம். ஐந்தில் ஒருவர் வரை முட்டி மாற்றின் பலனில் முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் அலர்ஜி அல்ல.

அலர்ஜி என்று சந்தேகிக்க வைப்பவை: உலோகம் இருக்கும் இடத்துக்கு மேலே தோலில் அரிப்பும் கொப்புளமும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பது, உடம்பு முழுக்கப் பரவுவது, காரணம் தெரியாத நீர் கோத்தல், விறைப்பு, நாள்பட்ட வலி.

ஆனால் தோல் மட்டும் பொங்கியிருந்தால், முதலில் தோலுக்கு மேலே போட்டதைச் சந்தேகப்படுங்கள். டேப், அயோடின், ஆன்டிபயாடிக் களிம்பு, கோயோக் (வலிக்கு ஒட்டும் பிளாஸ்டர்), மினியாக் காமாட் (கடல் அட்டை எண்ணெய்), பாட்டி அரைத்துப் போட்ட மஞ்சள் பற்று, எதற்கும் தோல் பொங்கலாம். எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள். அதிலேயே போய்விட்டால் நல்லது.

அடுத்து, கிருமித் தொற்று. வலி, வீக்கம், சூடு, சிவப்பு என்று இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். அலர்ஜி மெதுவாக வாட்டும்; தொற்றோ மூட்டையே அழிக்கும், ரத்தத்தில் கலந்தால் உயிருக்கும் ஆபத்து. அதனால்தான் வரிசை. எக்ஸ்ரேயில் தளர்வு இருக்கிறதா என்று பார்த்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளை எடுத்து, தேவைப்பட்டால் மூட்டிலிருந்து நீர் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பார்கள். இங்கே நம் ஊரில் நடக்கும் ஒரு கோளாறு: முட்டி வீங்கினால் பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கி நாலு நாள் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஈப்போவுக்குப் போவது. உள்ளே இருக்கும் கிருமி பாதி ஒடுங்கி, சோதனையில் ஒன்றும் வளராது. "தொற்று இல்லை" என்று முடிவு வந்துவிடும். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் காட்டும்வரை ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று கிளினிக்கிலேயே சொல்லுங்கள்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், தையலிலிருந்து சீழ், திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த அப்பாய்ண்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஏழாம் படி: எல்லாம் பார்த்தும் அலர்ஜிதான் என்றால்

தொற்று இல்லை, தளர்வு இல்லை, எலும்பு கூடியிருக்கிறது, பேட்ச் சோதனையில் உள்ளே இருக்கும் அதே உலோகத்துக்குப் பாசிடிவ். இத்தனையும் சேர்ந்தால்தான் அலர்ஜி என்ற பேச்சே எடுக்க முடியும். அப்போதும் முதலில் தோலுக்கு ஸ்டீராய்டு களிம்பு, அரிப்புக்கு மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். பலருக்கு அதிலேயே அடங்கிவிடும்.

பிளேட் என்றால் முடிவு எளிது. எலும்பு கூடியதும் எடுத்துவிடலாம். அலர்ஜி காரணமாக இருந்தால் அடுத்த வாரங்களில் தோல் தெளியும். முட்டியை மாற்றி இன்னொரு முட்டி வைப்பது அப்படி அல்ல. இரண்டாம் ஆபரேஷன் முதலைவிடப் பெரிது, எலும்பும் குறையும், பலன் உறுதியில்லை. வெறும் பாசிடிவ் சோதனையை மட்டும் வைத்து யாராவது "எடுத்துவிடலாம்" என்றால், வேறொரு எலும்பு டாக்டரிடமும் தோல் டாக்டரிடமும் கருத்துக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசிப் படி: ஸ்டிக்கர்

ஆபரேஷனில் வைத்த ஒவ்வொரு பொருளின் பெட்டியிலும் தயாரிப்பாளர் பெயர், மாடல், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் கோப்பில் ஒட்டுவார்கள். வார்டை விட்டுக் கிளம்பும் முன் அதைப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். அட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தாலும், வேறு ஊரில் வேறு டாக்டர் பிளேட்டை எடுக்க வேண்டி வந்தாலும், தோல் டாக்டர் "உள்ளே என்ன உலோகம்?" என்று கேட்டாலும் அந்தப் படம்தான் பதில். படத்தை மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். போன் தொலையும், நம்பர் மாறும். ஒரு பிரதியை எடுத்து ஐசி நகலோடு அதே பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள்.